"ஆதார் கார்டுல இருக்கறது அவரே இல்ல தம்பி!" - ஓர் ஏற்காட்டு ஸ்டூடியோவும் பழைய கம்ப்யூட்டரும்

கோடை விழாக் கூட்டம் மலையிறங்கிய பிறகு ஏற்காடு கொஞ்சம் மூச்சு விடும். ஜூன் மாதம். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் மிளகாய் பஜ்ஜி கடைகள்கூட மெதுவாகத்தான் அடுப்பைப் பற்றவைக்கின்றன. ஏரியின் மேல் படிந்த பனி பத்து மணியாகியும் விலகவில்லை. அந்த நேரத்தில்தான் ஸ்டூடியோ வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். நாகலூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரே ஓர் ஆதார் கார்டு.

"வர்ற வியாழக்கிழமை காரியம் தம்பி. படம் வைக்கணும். இதைப் பெருசு பண்ண முடியுமான்னு மருமகன் கேக்கச் சொன்னாரு. ஆனா இதுல இருக்கறது அவரே இல்ல தம்பி. மொகத்தைப் பாருங்க."

ஸ்டூடியோக்காரர் பார்த்தார். ஆதார் கார்டில் யார்தான் அவராக இருக்கிறார்? ஆனால் அவருக்கு அந்த முகம் தெரியும். காபி எஸ்டேட்டில் களத்து வேலை பார்த்தவர். கேமராவைக் கண்டாலே கூட்டத்துக்குப் பின்னால் நழுவிவிடுவார். 2017-ல் மகள் கல்யாணத்தில் மட்டும், மணமேடையில் இழுத்து நிறுத்தியதால், தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே ஒருமுறை கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்தவர் இதே ஸ்டூடியோக்காரர்தான்.

"அந்த ஆல்பம் இருக்குமேக்கா?"

"ஆல்பம் மக வீட்டுல. போன மழைக்கு ஓடு ஒழுகி எல்லாம் ஒட்டிக்கிச்சு. பிரிச்சா மொகம் பிய்யுது."

"கவலைப்படாதீங்கக்கா. கம்ப்யூட்டர்ல இருக்கு. சாயங்காலம் காட்டறேன்."

அவர் அப்படிச் சொன்னபோது உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

அந்த டிக் சத்தம்

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயது பத்துக்கு மேல். 4 ஜிபி ரேம். 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்றே ஒன்று. விண்டோஸும் அதில்தான், ஃபோட்டோஷாப்பும் அதில்தான், பத்து வருடக் கல்யாணங்கள், காதுகுத்துகள், பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் எல்லாமும் அதில்தான். மிச்சம் இருந்த இடம் 6 ஜிபி.

2017 ஃபோல்டரைத் திறந்தார். சிறு படங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவே டீ ஆறிப்போனது. அந்தப் படத்தைக் கண்டுபிடித்து ஃபோட்டோஷாப்பில் திறந்து, ஆளை மட்டும் தனியாக வெட்டத் தொடங்கினார். மூன்றாவது லேயரில் ஒரு பெட்டி வந்து நின்றது. 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்றது. அந்தச் செய்தி அவருக்குப் புதிதல்ல. வழக்கம்போல நான்கு பழைய சினிமாப் படங்களை அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்.

இந்த முறை விண்டோஸ் வரவில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. டிக்... டிக்... டிக்... சுவர்க் கடிகாரம்போல ஒரே சீராக.

மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே டிக். மூன்றாவது முறை பொத்தானை அழுத்தப் போகும்போது சேலத்தில் படிக்கும் அக்கா மகனுக்கு போன் அடித்தார்.

"மாமா, முதல்ல ஒயரைப் புடுங்குங்க. இன்னொரு தடவை ஆன் பண்ணாதீங்க!"

பையன் பதறியதற்குக் காரணம் இருந்தது. ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. அதன்மேல் ஒரு சின்ன ஊசிமுனை போன்ற பாகம், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதந்தபடியே படிக்கும். அது பழுதாகி இடம் தெரியாமல் தடுமாறும்போதுதான் அந்த டிக் சத்தம் வரும். அந்த நிலையில் மறுபடி மறுபடி ஓடவிட்டால், மீட்கக்கூடியதையும் சுரண்டிவிடக்கூடும்.

டிஸ்க்கில் இருப்பதை மீட்டுத் தருகிற இடம் ஒன்றில் விசாரித்தார்கள். அவர்கள் சொன்ன தொகை, ஒரு கல்யாணத்துக்கு அவர் வாங்கும் கூலியைவிட அதிகம். "கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது சார். பத்து, பதினைஞ்சு நாள் ஆகும்" என்றார்கள். அன்று திங்கள்கிழமை. காரியம் வியாழக்கிழமை.

அப்பாவின் மரப்பெட்டி

ஸ்டூடியோவைத் தொடங்கியவர் அவருடைய அப்பா. பிலிம் காலம். பின்னால் இருட்டறை. கழுவிய நெகட்டிவ்களை ஆறாறாக வெட்டி, உறையில் போட்டு, மேலே எண்ணும் தேதியும் எழுதி, மரப்பெட்டியில் அடுக்குவார். ஏற்காட்டின் ஈரத்துக்குப் பிலிமில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். "எவனாவது ஒருநாள் வந்து கேப்பான்டா" என்பார்.

மகன் டிஜிட்டலுக்கு மாறினார். ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படமெடுத்து உடனே பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் தொழில் கொஞ்ச காலம் ஓடியது. எல்லோர் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்ததும் அது நின்றது. கல்யாணம், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, காரியப் படம் ஆகியவைதான் மிச்சம். சம்பாதித்ததில் மிச்சம் பிடித்ததெல்லாம் கேமராவுக்கும் லென்ஸுக்கும் போனது. கேமரா வாடிக்கையாளர் கண்ணில் படும். மேஜைக்குக் கீழே இருக்கும் டப்பா யார் கண்ணிலும் படாது.

அந்தத் திங்கள் இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா பெட்டியில் 1980-களின் முகங்கள் பத்திரமாக இருக்கின்றன. தன்னுடைய பத்து வருடம் ஒரு டிக் சத்தத்துக்குள் போய்விட்டது.

புடவைக்கு அடியில் ஒரு தட்டு

செவ்வாய்க்கிழமை காலை பைக்கை எடுத்துக்கொண்டு நாகலூர் பக்கம் போனார். இந்த விஷயத்தை போனில் சொல்வது சரியாக இருக்காது என்று பட்டது. திண்ணையில் உட்கார்ந்து, கறுப்புக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தப் படம் போயிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"கல்யாணத்தப்போ ஆல்பத்தோட இதையும் குடுத்தீங்க. எங்க வூட்டுல போடறதுக்குப் பொட்டி இல்ல. அவருதான் கூரைப்புடவைக்கு அடியில வெக்கச் சொன்னாரு. இது ஏதாச்சும் ஆவுமா?"

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டிவிடி. மேலே அவருடைய கையெழுத்தில் தேதி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் ஆல்பத்தோடு ஒரு டிவிடி எழுதிக் கொடுப்பது வழக்கம். கொடுத்ததையே அவர் மறந்திருந்தார். பெரும்பாலான வீடுகளில் அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் யாரும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அதனாலேயே கீறல் படாமல் இருந்தது.

களமும் குடோனும்

அன்று மதியமே அக்கா மகன் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து சேர்ந்தான். அவன் லேப்டாப்பில் டிவிடி போடும் இடமே இல்லை. பழைய கம்ப்யூட்டரில் அது இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரைக் கிளப்ப டிஸ்க் இல்லை. அவன் பையிலிருந்து, சோப்புப் பெட்டியைவிட மெலிசான ஒன்றை எடுத்தான். நண்பனிடம் இரவல் வாங்கிய 240 ஜிபி எஸ்.எஸ்.டி.

செத்துப்போன டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு ஓரமாக வைத்தார்கள். அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி.யை மாட்டி, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றினான் பையன். அணைத்துப் போட்டதும் ஸ்டூடியோக்காரருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. டீ போட்டுக் குடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டிருந்த அதே டப்பா, அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது.

"மாப்ள, புது கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கேடா!"

"மாமா, இதுல சுத்தறதுக்குத் தட்டே கிடையாது. எல்லாம் சிப்பு. உங்க பழைய டிஸ்க் ஒரு வினாடிக்கு நூறு எம்.பி.க்குப் பக்கமா படிக்கும். அதுவும் ஒரே வரிசையா இருந்தாத்தான். அங்கங்க சிதறிக் கிடந்தா அதுல பத்துல ஒரு பங்குகூட வராது. இது ஐந்நூறு எம்.பி. வரைக்கும் படிக்கும். சிதறிக் கிடந்தாலும் பெருசா திணறாது."

டிவிடியைப் போட்டார்கள். மொத்தமாக நகலெடுக்கும்போது பாதியில் நின்றது. பையன் படம் படமாக எடுக்க ஆரம்பித்தான். சில கோப்புகள் வரவே இல்லை. பந்தி பரிமாறும் படங்கள் போயின. மாலை ஆறு மணிக்கு, நான்காவது முயற்சியில், அந்தப் படம் வந்தது. துண்டைச் சரிசெய்யும் கை. சிரிப்பு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஃபோட்டோஷாப்பில் திறந்து வேலையை ஆரம்பித்ததும் பழையபடி இழுக்கத் தொடங்கியது.

"என்னடா, இப்பத்தானே பறந்துச்சு?"

"அது வேற, இது வேற மாமா. அது ஸ்டோரேஜ். இது ரேம்."

பையன் விளக்கினான். இந்தப் படம் டிஸ்க்கில் 8 எம்.பி.தான். ஆனால் அது சுருட்டி மடித்து வைத்த புடவை. பிரித்தால்தான் உண்மையான அளவு தெரியும். 24 மெகாபிக்ஸல் படம் என்றால் 6,000-க்கு 4,000, அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறத்துக்கு மூன்று பைட். ஆக மொத்தம் 72 எம்.பி. இது ஒரு லேயருக்கு மட்டும். முழு அளவில் ஐந்து லேயர் வைத்தால் 360 எம்.பி. ரா படத்தை 16 பிட்டில் திறந்தால் அது இரண்டு மடங்கு. இதற்குமேல், தவறு செய்தால் பின்னால் போவதற்காக ஃபோட்டோஷாப் ஒவ்வொரு படியையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. 4 ஜிபி ரேமில் விண்டோஸே கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்ளும்போது, மீதியில் இதெல்லாம் எங்கே அடங்கும்?

ஸ்டூடியோக்காரர் கொஞ்சம் யோசித்தார். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"அப்படின்னா ரேம்ங்கறது களம். சரியா? காபிக் கொட்டையைக் காயப்போடற களம். டிஸ்க்குங்கறது குடோன். குடோன் எவ்வளவு பெருசா இருந்தாலும், களம் சின்னதா இருந்தா ஒரு தடவைக்கு நாலு மூட்டைதான் பரப்ப முடியும்."

"ஆமா மாமா! களம் பத்தலைன்னா?"

"ரோட்டு ஓரத்துல கொட்டிப் பரப்புவோம்."

"அதுதான் ஸ்கிராட்ச் டிஸ்க். ரேம் பத்தாதப்போ ஃபோட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்குல கொட்டி வெச்சு வேலை பாக்கும். அந்த ரோட்டு ஓரமும் நிரம்பிட்டாத்தான் உங்களுக்கு அந்தப் பொட்டி வந்துச்சு. உங்க பழைய டிஸ்க்குல குடோனும் ரோட்டு ஓரமும் ஒண்ணாவே இருந்துச்சு. இடமும் ஆறே ஜிபி. பாவம், அது என்னதான் செய்யும்?"

ஃபோட்டோஷாப் ஜன்னலின் அடியில் 'எஃபிஷியன்ஸி' என்ற எண்ணைக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். அது 100-ல் இருந்தால் வேலை களத்துக்குள்ளேயே நடக்கிறது என்று பொருள். அடிக்கடி அதற்குக் கீழே இறங்கினால் சரக்கு ரோட்டுக்கு வந்துவிட்டது. ரேம் போதவில்லை. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இலவசமாகச் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது.

மழை வந்தால்?

புதன்கிழமை காலை பையன் சேலத்துக்கு இறங்கி, பழைய உதிரி பாகங்கள் விற்கும் கடையில் அந்தப் போர்டுக்குப் பொருந்துகிற 4 ஜிபி ரேம் இரண்டு வாங்கி வந்தான். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று உட்காராது. அதனால் போர்டின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தான். மாட்டியதும் களம் 8 ஜிபி ஆனது. பெரிய களம் அல்ல. ஆனால் இந்த ஒரு படத்துக்குப் போதும்.

மாலை நான்கு மணிக்கு சேர்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தது. ஸ்டூடியோக்காரர் வேலையில் மூழ்கியிருந்தார். மணமகளின் மாலை அவர் தோளை மறைத்திருந்தது. அந்த இடத்தைச் சட்டைத் துணியாக மாற்ற வேண்டும். நெற்றியில் விழுந்திருந்த சீரியல் விளக்கின் பச்சை நிறத்தை எடுக்க வேண்டும். நாற்பது நிமிட வேலை. ஓர் இடி இடித்தது. கரண்ட் போனது. யு.பி.எஸ். என்று ஒன்று இருந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. திரை கறுத்தது. சேமிக்கவில்லை.

"களத்துல மழை பேஞ்சிருச்சு மாப்ள" என்றார்.

ரேமில் இருப்பது கரண்ட் இருக்கும்வரைதான். குடோனில் ஏற்றியது மட்டுமே மிஞ்சும். களத்து வேலைக்காரர் யாரும் வானத்தைப் பார்க்காமல் கொட்டையைப் பரப்புவதில்லை. அந்த மனிதரும் முப்பது வருடம் அதைத்தான் செய்தார். மேகம் திரளும்போதே தார்ப்பாயை எடுத்து வந்துவிடுவார் என்று எஸ்டேட்டில் சொல்வார்கள்.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தார். இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. வியாழன் காலை ஃபிரேம் போட்டு, முதல் பஸ்ஸுக்கு முன்பே பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த அம்மா படத்தை வாங்கி, கண்ணாடிமேல் விரலை வைத்து, "துண்டைக்கூட இன்னும் சரியா போடல பாரு" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

லென்ஸ் காசு

ஒரு புது லென்ஸ் வாங்குவதற்காக ஸ்டூடியோக்காரர் இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டியிருந்தார். ஆடி மாதம் சீட்டு விழுந்தது. லென்ஸ் வாங்கவில்லை. அக்கா மகனோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார்.

முதலில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு இடம் தேவை என்று பார்த்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம். ஒரு ரா படம் சுமார் 30 எம்.பி. ஆக 60 ஜிபி. வருடத்துக்கு இருபது கல்யாணம் என்றால் 1,200 ஜிபி, அதாவது 1.2 டிபி. தன் பழைய 500 ஜிபி டிஸ்க்கில் பத்து வருடத்தை எப்படி அடக்கினோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இடமில்லாமல், ரா படங்களையெல்லாம் அவரே அழித்திருந்தார்.

பிறகு ரேம். ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி, நன்றாக ஓட 16 ஜிபி என்று அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனமே சொல்கிறது. கல்யாண ஆல்பம் செய்கிறவர் பத்துப் பதினைந்து படங்களை ஒரே பக்கத்தில் அடுக்குவார். பக்கத்தில் லைட்ரூமும் திறந்திருக்கும். அதனால் 32 ஜிபி என்று முடிவு செய்தார்கள். அதையும் ஒரே 32 ஆக வாங்காமல், 16 ஜிபி இரண்டாக வாங்கினார்கள். இரண்டு வழியில் ஒரே நேரத்தில் போக்குவரத்து நடக்கும். போர்டில் நான்கு பள்ளம் இருந்ததால், பின்னால் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம்.

குடோனை மூன்றாகப் பிரித்தார்கள். விண்டோஸுக்கும் மென்பொருட்களுக்கும் 500 ஜிபியில் என்.வி.எம்.இ. எனும் வேகமான எஸ்.எஸ்.டி. நடந்துகொண்டிருக்கும் வேலைக்கும், லைட்ரூம் கேட்டலாகுக்கும், ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கும் 1 டிபியில் இரண்டாவது எஸ்.எஸ்.டி. முடிந்த வேலைகளை அடுக்கி வைக்க 4 டிபி ஹார்டு டிஸ்க். அது மெதுவானதுதான். ஆனால் பழைய கல்யாணத்தை எடுக்க ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதே காசுக்கு எஸ்.எஸ்.டி.யில் அவ்வளவு இடம் கிடைக்காது.

கையில் காசு குறைவாக இருந்தால்? ஒரே ஓர் எஸ்.எஸ்.டி.யிலேயே விண்டோஸும் ஸ்கிராட்ச் டிஸ்க்கும் இருக்கலாம், தப்பில்லை. இடத்தை மட்டும் முழுக்க நிரப்பக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். நிரம்பினால் எஸ்.எஸ்.டி.யின் எழுதும் வேகமும் குறையும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு முதல் தேவையும் அல்ல. இரைச்சல் நீக்குவது போன்ற ஏ.ஐ. வசதிகளை நிறையப் பயன்படுத்துகிறவருக்குத்தான் அது அதிகம் உதவும்.

ஃபோட்டோஷாப்பில் 'பிரிஃபரன்ஸஸ்' பகுதிக்குள் 'பெர்ஃபாமன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. ரேமில் எத்தனை சதவீதத்தை ஃபோட்டோஷாப் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அங்கே சொல்லலாம். வழக்கமாக 70 என்று இருக்கும். அதை 100 ஆக்கினால் வேகம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். விண்டோஸுக்கு மூச்சுவிட இடமில்லாமல் எல்லாம் சேர்ந்து இழுக்கும். அவர்கள் 70-லேயே விட்டுவிட்டார்கள். அடுத்த பக்கத்தில், ஸ்கிராட்ச் டிஸ்க்காக அந்த இரண்டாவது எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் வேலையாக வாங்கியது என்னவோ, யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரிதான்.

மலையடிவாரத்தில் ஒரு நகல்

இதெல்லாம் வேகத்துக்கான ஏற்பாடு. ஆனால் அந்தத் திங்கள் இரவு அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேகம் அல்ல.

புகைப்படக்காரர்களிடையே '3-2-1' என்றொரு கணக்கு உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரரான பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்தியது. எந்தப் படத்துக்கும் மூன்று நகல். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வேறு இடத்தில். தீ, வெள்ளம், திருட்டு, மின்னல் எல்லாம் ஒரு கூரையின் கீழ் இருப்பதை மொத்தமாகக் கொண்டுபோகும் என்பதால்தான் அந்த 'வேறு இடம்'.

ஸ்டூடியோக்காரர் தன் வசதிக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். வெளியே மாட்டுகிற 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றில் நகலெடுப்பார். மாதம் ஒருமுறை சேலம் போகும்போது அதை அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்து வருவார். சேலத்தின் வறண்ட சூடு பூஞ்சைக்கு ஆகாது என்பது கூடுதல் லாபம். நகலெடுத்து முடித்ததும் ஒயரைக் கழற்றிவிடுவார். மாட்டியே வைத்திருந்தால், இடி இறங்கும்போதோ வைரஸ் வரும்போதோ இரண்டும் சேர்ந்தே போகும். ஒவ்வொரு கல்யாணத்திலும் தேர்ந்தெடுத்த ஐம்பது படங்களை மட்டும் இணையச் சேமிப்பில் ஏற்றுகிறார். 60 ஜிபியையும் ஏற்ற மலை மேல் உள்ள இணைய வேகத்துக்கு நாள்கணக்காகும். ஐம்பது படம் என்றால் 500 எம்.பி.தான். இரவில் போட்டுவிட்டால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

எஸ்.எஸ்.டி.யை இப்படிப் பீரோவில் வருடக்கணக்கில் வைப்பது நல்லதல்ல. கரண்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதன் சிப்பில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியக்கூடும். தூங்க வைக்க ஹார்டு டிஸ்க், ஓட வைக்க எஸ்.எஸ்.டி. என்று பிரித்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாட்டிப் பார்க்க வேண்டும். குளிரில் பஸ்ஸில் வந்த டிஸ்க்கை உடனே மாட்டாமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல அதற்குள்ளும் படியலாம்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமாகச் சேரும்வரை கேமராவின் மெமரி கார்டை அழிப்பதில்லை.

23 வினாடி

1975-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் 10,000 புள்ளிகள்தான். அதையும் ஒரு கேசட்டில் பதிய 23 வினாடி ஆனது. 1990-ல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தபோது, அதற்குத் தேவைப்பட்ட ரேம் வெறும் 2 எம்.பி. படங்கள் பெருத்துக்கொண்டே வந்திருக்கின்றன, களமும் குடோனும் பின்னாலேயே ஓடிவருகின்றன. இன்றைக்கு வாங்கிய 32 ஜிபியும் ஒருநாள் சின்னதாகத்தான் தெரியும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப்போய் ஸ்கேன் செய்து காப்பாற்றினார்கள். பெரிய மனிதர்களின் படங்கள் மட்டுமல்ல. யாரென்றே தெரியாத அப்பாக்கள், அம்மாக்கள், ஸ்டூலில் உட்காரவைத்த குழந்தைகள். பூச்சியும் ஈரமும் தின்றது போக மிஞ்சியவை. இதைக் கேள்விப்பட்ட பிறகு ஸ்டூடியோக்காரர் அப்பாவின் மரப்பெட்டியைத் திறந்திருக்கிறார். நெகட்டிவ்களை நாளுக்கு இருபது வீதம் ஸ்கேன் செய்கிறார். புது கம்ப்யூட்டரில் அதற்கென்று தனி ஃபோல்டர் இருக்கிறது. உறையில் அப்பா எழுதிய எண்ணையே கோப்புக்கும் பெயராக வைக்கிறார்.

செத்துப்போன பழைய டிஸ்க் இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. காசு சேர்ந்ததும் மீட்கக் கொடுக்க வேண்டும். அதில் இன்னும் யார் யாருடைய சிரிப்பு இருக்கிறதோ.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா மஞ்சப்பையோடு மறுபடி வந்தார். பையில் அதே டிவிடி.

"இதை நீங்களே வெச்சுக்கங்க தம்பி. எங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்காது."

ஸ்டூடியோக்காரர் சிரித்துவிட்டார். டிவிடியை வாங்கவில்லை. அதனோடு ஒரு பென் டிரைவையும், மகள் கல்யாணத்தில் மீட்ட படங்களைப் போட்டு எடுத்த பிரிண்டுகள் நாற்பதையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்.

"இதையும் சேர்த்து அந்தக் கூரைப்புடவைக்கு அடியிலயே வையுங்கக்கா."